தாளுக்கு முகம் தெரியாது

ஊட்டி மார்க்கெட்டில் அபுபக்கர் கடை எங்கே என்று கேட்டால், எந்த அபுபக்கர் என்று திருப்பிக் கேட்பார்கள். தாள் பாய் கடை என்று கேட்டால் ஒரு கேள்வியும் வராது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். தேயிலைத் தூள் வியாபாரி அவர். சீசன் நாட்களில் டூரிஸ்ட்காரர்கள் சூழ்ந்து நிற்க, பீங்கான் தட்டில் மை ஒற்றுகிற தாள் ஒன்றை விரித்து, தண்ணீர் விட்டு நனைத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுவார். சாயம் ஏற்றிய தூள் என்றால் விழுந்த இடத்திலேயே செம்பழுப்பாகக் கறை பரவும். நல்ல தூள் என்றால் தாள் வெளுத்தபடியே கிடக்கும். அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "நாக்கு ஆள் பார்க்குமுங்க, கண்ணு லாபம் பார்க்கும். தாளுக்கு முகம் தெரியாது" என்பார். வந்தவர்கள் தாளைப் பார்த்தார்களோ அவர் முகத்தைப் பார்த்தார்களோ, வாங்காமல் போனதில்லை.

மார்க்கெட்டில் கொள்கை என்ற சொல்லுக்கு, நஷ்டம் வந்தாலும் விட முடியாத பழக்கம் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் அபுபக்கருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. தாள் பொய் சொல்லாது என்பது ஒன்று. அதை ஊருக்கெல்லாம் சொல்வார். ஆறுக்குட்டி பொய் சொல்ல மாட்டார் என்பது இன்னொன்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது வாசலில் நின்று அறிவிப்பார்களா?

ஆறுக்குட்டிக்கு நடுவட்டம் பக்கத்தில் சின்னதாக ஒரு டீ பாக்டரி. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி விற்பவர். முப்பது வருஷப் பழக்கம். கோயமுத்தூரில் கலவரம் நடந்த சமயம், இங்கே அபுபக்கர் பயந்துபோய்க் கடையைச் சாத்தப் போனபோது, ஆறுக்குட்டி காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தொறங்க பாய், எவன் வர்றான்னு பார்க்கறேன்" என்றார். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளின் சாக்கைப் பிரித்துப் பரிசோதிக்கவேண்டும் என்று அபுபக்கருக்குத் தோன்றியதே கிடையாது.

பிறகு தேயிலை விலை சரிந்தது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார் ஒருவர், கென்யாக்காரன் கொட்டிக் குவிக்கிறான் என்றார் இன்னொருவர். காரணம் ஆளுக்கொன்றாக இருந்தது. பச்சை இலை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோல் கேட்பாரற்றுச் சாக்குப் பையில் கருகியது. போதாக்குறைக்கு, மட்டத் தூளுக்குச் சாயம் ஏற்றி மலையிலிருந்து இறக்குகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, சமவெளி வியாபாரிகள் ஊட்டித் தூள் என்றாலே முகம் சுளித்தார்கள். வியாபாரிகள் சங்கம் கூடியது. எந்த பாக்டரியின் தூளாக இருந்தாலும் அபுபக்கர் தாளைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குள் வரவேண்டும் என்று முடிவானது. மழை முடிந்த கையோடு இது ஆரம்பமாயிற்று. அபுபக்கர் மறுக்கவில்லை. உள்ளூர ஒரு பெருமைதான்.

முதல் உறைபனி விழுந்த மறுநாள், ஒரு ஜனவரிக் காலையில் ஆறுக்குட்டியின் சாக்குகள் வந்து இறங்கின. சங்கச் செயலாளர் பரமசிவன் வேறு ஏதோ வேலையாக வந்தவர், குளிருக்கு ஒதுங்கி உள்ளே நின்றார். அவர் எதிரில் ஆறுக்குட்டியின் சாக்கை மட்டும் வழக்கம்போல் பிரிக்காமல் விட்டால் நன்றாக இருக்காது என்று அபுபக்கர் தட்டை எடுத்தார். கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே, மனைவி ஆபிதா மாடி வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட மூக்கு வைத்த பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சித் தாளை நனைத்தார். தாளிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. ஜனவரியில் ஊட்டியில் எதிலிருந்துதான் ஆவி எழாது? ஒரு சிட்டிகை தூவினார்.

கறை பரவியது.

அபுபக்கர் அந்தத் தாளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை விரித்தார். அதே பாட்டில், அதே சாக்கு. மறுபடியும் கறை. மூன்றாவது தாளை எடுக்கக் கை வரவில்லை. பக்கத்துச் சாக்கிலிருந்து வேறொருவர் தூளை எடுத்துத் தூவிப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தாள் பொய் சொல்லாது என்று அத்தனை வருஷம் கூவியவருக்குத் தாளையே சந்தேகிக்க எங்கிருந்து தோன்றும்?

"என்னுங்க பாய் இது?" என்றார் பரமசிவன். "ஆறுக்குட்டியா இப்படி?"

"தாள் சொல்லுதுங்க" என்றார் அபுபக்கர்.

மத்தியானத்துக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேசி முடிவெடுக்கும் வரை ஆறுக்குட்டியின் தூளை யாரும் தொடக்கூடாது என்றார்கள். ஊட்டி மார்க்கெட் கதவடைத்தால் அந்த பாக்டரிக்கு வேறு போக்கிடம் இல்லை. இலை கொண்டுவந்து கொடுக்கும் குடும்பங்களுக்கும் இல்லை. சாயங்காலம் ஆறுக்குட்டி போன் செய்தார். "நீங்களே சொன்னீங்களா பாய்?" என்று கேட்டார். அபுபக்கர் ஆமாம் என்றதும் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைக்கு மேலேதான் வீடு. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அபுபக்கர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். தாள் சொல்வது சரியென்றால் ஆறுக்குட்டி கெட்டவர். ஆறுக்குட்டி நல்லவர் என்றால் தாள் பொய். இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். எதைத் தூக்கினாலும் தன்னில் பாதி கூடவே போய்விடும் போலிருந்தது.

மகள் தபஸ்ஸும் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். "அத்தா, வேற தூளைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"அதை எதுக்கும்மா போடணும்? சந்தேகம் அது மேல இல்லையே."

"சந்தேகம் இல்லாததையும் போட்டுப் பார்க்கணுமுங்க அத்தா. அப்பத்தான் இது வேற மாதிரின்னு தெரியும்."

கீழேயிருந்து பீங்கான் தட்டு வந்தது. ஆபிதா பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். கடையில் இருந்த தூள்களில் ஒவ்வொன்றாகத் தூவினார்கள். எல்லாம் கறை. வீட்டுச் சமையலறை டப்பாவில் இருந்த, அபுபக்கர் தினமும் குடிக்கிற உயர்ந்த ரகத் தூளைத் தூவினார்கள். அதுதான் இருப்பதிலேயே அழகாகக் கறை விட்டது.

"அல்லாஹ்வே, மலை முழுக்கவா சாயம்?" என்றார் அபுபக்கர்.

தபஸ்ஸும் பாட்டிலைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். "அம்மா, இது ஏன் சுடுது?"

"பின்னே? பனியில பாட்டில் மூக்கு உறைஞ்சு அடைச்சுக்குது. தண்ணி வரலைன்னு நேத்து உங்க அத்தா அந்தக் கத்துக் கத்துனாரு. அதான் காத்தாலயும் கொதிக்கற வெந்நிய ஊத்திக் குடுத்தேன், இப்பவும் அதேதான். ஏனுங்க, தண்ணி நல்லா வந்துச்சுங்களா?"

தேயிலையை உண்டாக்கியதே வெந்நீரில் சாயம் இறங்குவதற்குத்தான். அதைக் காலையும் மாலையும் குடித்துக்கொண்டே முப்பது வருஷம் வியாபாரம் செய்த மனிதர், அதே காரியம் தாளில் நடந்ததும் நண்பரைக் கள்ளனாக்கிவிட்டார். சீசனில் மட்டும் காட்டி வந்த வித்தை அது. உறைபனியில் அதைச் செய்ததே இந்த வருஷம்தான் முதல் தடவை. குழாய்த் தண்ணீரைப் பிடித்து மறுபடி தூவினார்கள். எல்லாத் தாள்களும் வெளுத்தபடியே கிடந்தன. ஆறுக்குட்டியின் தூளைக் கடைசியில் தூவினார் அபுபக்கர். அதுவும் வெளுப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி.

"தண்ணி பச்சத்தண்ணியா இருக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."

"அதைத்தான் அத்தா எங்க மிஸ் சொல்லுவாங்க. எல்லாத்தையும் நிரூபிக்க முடியாதாம். ஏதாச்சும் ஒண்ணை அப்படியே நம்பி, அது மேல நின்னுதான் மத்ததை நிரூபிக்கணுமாம். அதுக்குப் பேருதான் கொள்கையாம்."

"அந்த ஒண்ணே தப்பா இருந்தா?"

தபஸ்ஸும் யோசித்தாள். "அந்தப் பாடம் அடுத்த வருசம் வருதுங்க அத்தா" என்றாள்.

மறுநாள் காலை அபுபக்கர் கூடலூர் பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். என் புத்தி கெட்டுப்போச்சுங்க என்று ஆரம்பிப்பதா, காலில் விழுந்துவிடுவதா? ஆறுக்குட்டி விழ விடமாட்டார், பாதியிலேயே பிடித்துவிடுவார். அதை நம்பி விழுவதும் சரியில்லை. நடுவட்டத்தில் இறங்கி நடந்தபோது அவர் மனசு லேசாக இருந்தது. தாளும் தப்பித்தது, ஆறுக்குட்டியும் தப்பித்தார். மாட்டிக்கொண்டது அவர் ஒருவர்தான். தன்னைத்தான் திட்டிக்கொள்ளலாமே, அதில் என்ன சிரமம்?

பாக்டரியில் மெஷின் ஓடவில்லை. ஆபீஸ் அறையில் ஆறுக்குட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். அபுபக்கரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஆறுக்குட்டி, நான்..." என்று அபுபக்கர் ஆரம்பித்தார்.

"வேண்டாங்க பாய். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." ஆறுக்குட்டிக்கு மூச்சு இரைத்தது. "உங்க கண்ணுல மாட்டுவேன்னு தெரியுமுங்க. தெரிஞ்சேதான் பண்ணுனேன். கழிவுத் தூளுங்க. சலிச்சு ஒதுக்கி, உரத்துக்கு அனுப்பறமே, அதுதான். மழைக்கு முன்னாலிருந்தே கலக்கறேன். கொஞ்சமாத்தான். நாக்குக்குத் தெரியாத அளவுக்கு. இல்லீன்னா இலைக்காரங்களுக்கு என்னத்தைக் குடுக்கறது? ஊட்டுக்காரி கனகமணிக்குக்கூடத் தெரியாதுங்க. அவளுக்குத் தெரிஞ்சா இந்த ஊட்டுல அடுப்பு எரியாது."

அபுபக்கர் நின்ற இடத்திலேயே நின்றார். ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தன. அவற்றை விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை.

"சாயம்?" என்றார் கடைசியில்.

"சாயமா? சத்தியமா இல்லீங்க. எங்க கொழந்தைங்க மேல ஆணையா சாயம் தொட்டதே இல்லை. எனக்கும் அதுதான் புரியலைங்க பாய். கழிவு எப்படித் தாள்ல தெரிஞ்சுது?"

"தெரியலை" என்றார் அபுபக்கர்.

"என்னுங்க?"

"கழிவு தாள்ல தெரியாதுங்க. ஊட்டுல வெந்நியை ஊத்திக் குடுத்துட்டாங்க. அதான் கறை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். பச்சத்தண்ணியில உங்க தூள் சுத்தமுங்க."

வெளியே யாரோ காலிச் சாக்கை உதறும் சத்தம் கேட்டது. தப்பாகச் செய்த பரிசோதனை உண்மையைச் சொல்லியிருக்கிறது. திருத்திச் செய்த பரிசோதனை பொய் சொல்லியிருக்கிறது. அபுபக்கர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தான் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதே அவருக்குக் குழப்பமாக இருந்தது. காரணமே இல்லாமல்தானே சந்தேகப்பட்டார்? ஆனால் சந்தேகம் சரிதானே? சரியான சந்தேகத்துக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

ஆறுக்குட்டி முதலில் தெளிந்தார். அவருக்குத் தெளிய வேண்டிய அவசரம் இருந்தது. மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாய், நீங்க வந்தது என்ன சொல்ல? தாள் சுத்தம்னுதானுங்க? அதை மட்டும் சங்கத்துல சொல்லுங்க. பொய் இல்லையே. நான் சித்தே முன்னால சொன்னது, உங்ககிட்டச் சொன்னது. சங்கத்துக்கிட்டச் சொன்னது இல்லை."

"குடிக்கறவங்க?"

"உசுரா போயிரும்? மட்டம், அவ்வளவுதானுங்க. தாளுக்கு முகம் தெரியாதும்பீங்களே. என் முகத்தைப் பார்க்காதீங்க. தாள் சொல்றதை மட்டும் சொல்லுங்க."

முப்பது வருஷமாகத் தான் சொல்லி வந்ததை இன்னொருவர் வாயில் கேட்டபோது அபுபக்கருக்கு நெஞ்சில் அடித்தது போலிருந்தது. அந்தப் பேச்சில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கோபமாக வந்தது. கோபத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆறுக்குட்டியும் ஞாபகத்துக்கு வந்தார். அந்த ஒரு வாரம் பொய்யா? அது எப்படிப் பொய்யாகும்? எழுந்து பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவர் கடையில் சரியாக உட்காரவில்லை. எடை போட்ட பொட்டலத்தையே மறுபடி எடை போட்டார். கலப்படம் என்று சொன்னால், நம்பிச் சொன்னதை அம்பலப்படுத்தியவன் ஆவேன். சுத்தம் என்று சொன்னால், உண்மையைச் சொல்லியே ஊரை ஏமாற்றியவன் ஆவேன். சும்மா இருந்தால் கோழை. மூன்றில் எது கொள்கை? தபஸ்ஸுமிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தார். அடுத்த வருஷம் வருகிறதாம் என்பது ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிட்டார்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. ஆறுக்குட்டி கடைசி வரிசையில், துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அபுபக்கர் எழுந்து வெந்நீர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலில் சிரிப்பு எழுந்தது, அப்புறம் முணுமுணுப்பு.

"அப்ப நீங்க அன்னிக்குச் சொன்னது தப்பு?" என்றார் பரமசிவன்.

"நான் சொன்ன காரணம் தப்புங்க. எல்லார் முன்னாலயும் ஆறுக்குட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"பச்சத்தண்ணியில சாயம் இருக்கா, இல்லையா?"

"இல்லைங்க."

"அப்புறமென்ன? வாங்கலாம்."

அபுபக்கர் உட்காரப் போனார். முழங்கால் மடங்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தார். ஆறுக்குட்டி துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாங்க மாட்டனுங்க" என்றார் அபுபக்கர். "நீங்களும் வாங்காதீங்க."

"ஏனுங்க?" என்றார் பரமசிவன்.

"காரணம் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று அபுபக்கருக்குத் தனித்தனியாகக் கேட்கவில்லை. முதல் நாள் அழுக்கு என்றாராம், அப்புறம் சுத்தம் என்றாராம், இன்றைக்கு வாங்க மாட்டாராம், காரணமும் கிடையாதாம். ஏதோ சொந்தப் பகை என்றது ஒரு குரல். தாளைவிடத் தான் பெரியவன் என்ற நினைப்பு வந்துவிட்டது என்றது இன்னொரு குரல். "கொள்கையுள்ள ஆளுன்னு நம்பித்தானே பாய் இந்த வேலையை உங்ககிட்டக் குடுத்தோம்? ஆதாரம் இல்லாமச் சொன்னா அதுக்குப் பேரு கொள்கையா, வீம்பா?" என்று கேட்டார் பரமசிவன்.

"எனக்குத் தெரியலைங்க" என்றார் அபுபக்கர். அதைவிட உண்மையாக அவர் அந்த வாரத்தில் எதுவும் பேசவில்லை.

இனிமேல் தாள் பார்க்கும் வேலையைப் பரமசிவனே செய்வார் என்று முடிவாயிற்று. ஆறுக்குட்டியின் தூளை வாங்கலாம் என்றும் முடிவாயிற்று. அபுபக்கர் படியிறங்கி வெளியே வந்தார். மார்க்கெட் சந்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். வணக்கம் சொல்லாமல் கடந்து போனார்கள். மனசு வலித்தது. சரியானதைச் செய்தோமா என்று யாரையாவது கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்க வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

பின்னால் வேகமாக நடந்து வரும் சத்தம் கேட்டது. ஆறுக்குட்டிதான். மூச்சு வாங்க வந்து எதிரில் நின்றார்.

"பாய், அந்தச் சாக்கையெல்லாம் நாளைக்கே திருப்பி எடுத்துக்கறேன். உரத்துக்கே அனுப்பிடறனுங்க. இனிமே கலக்க மாட்டேன். சத்தியமா." அவர் அபுபக்கரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்பறீங்கதானே பாய்?"

நம்புகிறேன் என்று சொல்ல அபுபக்கருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்தக் கையை அவர் விடவும் இல்லை.

"முப்பது வருசத்துல நம்பறீங்களான்னு நீங்க என்கிட்டக் கேட்டதே இல்லீங்களே, ஆறுக்குட்டி" என்றார்.

ஆறுக்குட்டியின் கண்கள் நிறைந்தன. சந்தில் கடைகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.